களையெடுப்பில் கிடைக்கும் கீரை: யார் பறிக்கலாம், எப்படிப் பறிக்கலாம்?

வேப்பனப்பள்ளி ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கடிதத்தை இந்த முறை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

“இரண்டு ஏக்கர் மானாவாரி ராகி போட்டிருக்கிறேன். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் களைக்கொல்லி அடித்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஊர்ப் பெண்கள் நாலு பேர் கீரை கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கத்தி விரட்டிவிட்டேன். அதில் என் பெரியம்மாவும் ஒருத்தர். கீரை கிள்ளுவதற்குக்கூட உன்னைக் கேட்கணுமா என்று அன்றிலிருந்து பேசுவதில்லை. நான் செய்தது தப்பா? அந்தக் கீரையைச் சாப்பிட்டால் என்ன ஆகும்?”

விரட்டியது சரி. சொல்லாமல் மருந்தடித்தது சரியில்லை. உங்கள் பெரியம்மா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. எப்படி என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆடி, ஆவணி வந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

நம் பக்கத்தில் பண்ணைக்கீரையை யாரும் விதைப்பதில்லை. மழை விழுந்து ராகி, நிலக்கடலை முளைக்கும்போது அதுவும் கூடவே முளைக்கும். தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, முடக்கத்தான், தும்பை எல்லாம் அப்படித்தான். களைவெட்டப் போகும் பெண்கள் சாயங்காலம் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஏழெட்டுக் கீரையை ஒன்றாகப் போட்டுக் கடைந்து களிக்கு ஊற்றினால் அன்றைய குழம்பு முடிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் மாவட்டத்தில் இதையே ‘பெரக்கெ சொப்பு’ என்கிறார்கள், கலப்புக் கீரை என்று அர்த்தம். நம் ஒன்றியத்தில் மூன்று மொழி பேசுவதால் ஒரே கீரைக்கு மூன்று பெயர் புழங்கும். தமிழில் பண்ணைக்கீரை என்றால் கன்னடத்தில் அன்னெ சொப்பு, தெலுங்கில் குருகு கூர. பருப்புக்கீரையைக் கோணி சொப்பு என்பவர்களும் உண்டு, கங்கபாயல கூர என்பவர்களும் உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் பறிக்கும் முறை மூன்று வீட்டிலும் ஒன்றுதான்.

அந்த முறையில் எழுதாத ஒரு சட்டம் இருக்கிறது. பயிருக்குச் சேதம் இல்லாமல் யார் நிலத்திலும் யாரும் கீரை கிள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. ராகிக் கதிரைத் தொட்டால் திருட்டு. ராகிக்கு நடுவே இருக்கும் கீரையைத் தொட்டால் திருட்டில்லை. நிலமில்லாத குடும்பங்களுக்கும், கணவன் இல்லாத பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் மழைக்காலத்தில் காசு கொடுக்காமல் கிடைத்த குழம்பு அது. உங்கள் பெரியம்மா பேசியது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் பெண்கள் சங்கங்கள் இப்படி விதைக்காமல் விளையும் கீரைகளுக்கென்றே விழா நடத்தியிருக்கிறார்கள். அங்கேயும் இதே வழக்கம் உண்டு.

இனி மருந்து விஷயம். ராகியில் நம் ஆட்கள் பெரும்பாலும் அடிப்பது 2,4-டி. இந்த மருந்தின் வேலையே அகன்ற இலைச் செடியைக் கொல்வதும் புல்வகைப் பயிரை விட்டுவிடுவதும்தான். ராகி புல்வகை. மேலே சொன்ன கீரைகளில் ஒன்றுகூடப் புல்வகை இல்லை. அதாவது, மடியில் கட்டிக்கொண்டு போகிற எல்லாவற்றையும் குறிபார்த்து அடிக்கிற மருந்து இது. அடித்தவுடன் செடி கருகிவிடாது. முதல் இரண்டு மூன்று நாள் தண்டு முறுக்கிக்கொண்டு, இலை பச்சையாகவே நிற்கும். அந்த நாட்களில் பார்க்கிறவருக்கு அது மருந்தடித்த வயல் என்றே தெரியாது. உங்கள் வயலில் நடந்தது அதுதான்.

தின்றால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எவ்வளவு கீரை என்பதைப் பொறுத்தது. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வந்தால் மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு எந்த மருந்து என்று தெரியும். சிலர் நன்றாகக் கழுவினால் போய்விடும் என்கிறார்கள். இலைமேல் படிந்தது ஓரளவு போகலாம். ஊடுருவிப் பாயும் மருந்து செடிக்குள் போய்விட்டது, அதை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது.

இன்னொரு குழப்பம், காத்திருப்புக் காலம். டப்பாவில் ‘கடைசியாகத் தெளித்து இத்தனை நாள் கழித்து அறுவடை’ என்று போட்டிருக்கும். அது அந்தப் பயிருக்கு. தக்காளிக்கு என்று போட்டிருந்தால் தக்காளிப் பழத்தை வைத்துக் கணக்கிட்டது. தக்காளிக்குக் கீழே முளைத்திருக்கும் குப்பைக்கீரைக்கு யாரும் நாள் குறிக்கவில்லை, அதை யாரும் பயிராகவே எண்ணவில்லை. அதனால் நான் சொல்லும் கணக்கு எளிது: இந்தப் பருவத்தில் மருந்து விழுந்த வயலில் இந்தப் பருவம் முழுக்கக் கீரை பறிக்க வேண்டாம். தக்காளி, கத்தரி, முட்டைகோஸ் தோட்டங்களில் வாரம் தவறாமல் மருந்து விழுகிறது. ரோஜா, குடைமிளகாய் பசுமைக்குடில்களைச் சுற்றியும் அப்படித்தான். அந்த ஓரங்களில் கொழுகொழுவென்று வளரும், ஆசையாகத்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

மாந்தோப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மாந்தோப்புத் தரைதான் கீரைக்குப் பெரிய இடம். மாமரத்துக்கு மருந்தடிப்பு பெரும்பாலும் பூக்கும் காலத்தில், மார்கழி முதல் மாசி வரை. கீரை வருவதோ ஆடியிலிருந்து கார்த்திகை வரை. ஆகவே மழைக்காலத்தில் தோப்புத் தரை ஓரளவு பாதுகாப்பானது என்று நினைக்கலாம். ஆனால் சீக்கிரம் பூக்க வேண்டும் என்று மழைக்காலத்திலேயே மரத்தடியில் பாக்லோபியூட்ரசால் ஊற்றுகிறோமே, அது மண்ணில் ஊற்றுவது, மண்ணில் நீண்ட நாள் தங்குவது. ஊற்றிய தோப்பில் மரத்தடிக் கீரை கூடாது. தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரர் என்ன ஊற்றினார் என்று நிலத்துக்காரருக்கே தெரியாது. கேட்டு வையுங்கள்.

இப்போது நிலத்துக்காரர் பக்கத்து நியாயம். களைக்கொல்லி அடிக்காதே என்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதிவிடலாம். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஊர்ப் பெண்களை சூளகிரிக்கும் ஓசூருக்கும் ஏற்றிக்கொண்டு போகிறது. மாதச் சம்பளம் வருகிற இடத்தை விட்டு வெயிலில் குனிந்து களைவெட்ட யார் வருவார்கள்? அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் களைவெட்டுக் கூலியும் அதோடு சேர்ந்து வந்த கீரையும் ஒரே நேரத்தில் போயின. போகாதவர்கள் யார் என்றால், கம்பெனியில் சேர்க்காத வயதுக்காரர்கள். உங்கள் பெரியம்மா போன்றவர்கள்.

வயநாட்டில் பணியர் பெண்கள் நெல்வயலிலும் வரப்பிலும் கீரை பறித்தே வீட்டுச் சோற்றுக்குத் துணை சேர்த்தவர்கள். நெல்வயல் வாழைக்கும் வேறு பயிருக்கும் மாறி, மருந்தும் ஏறிய பிறகு பழைய கீரைகள் கிடைப்பதில்லை என்று அவர்கள் சொல்வதை அங்கு ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையில் காசில்லாதவர் வீட்டில்தான் அது முதலில் தெரியும். மற்றவர்கள் சந்தையில் கட்டு வாங்கிக்கொள்வோம்.

ஆகவே மருந்தடித்தே தீர வேண்டும் என்கிற நிலத்துக்காரருக்கு நான் கேட்பது மூன்று காரியம்தான். அடிக்கும் முன் ஊரில் சொல்லுங்கள். பால் ஊற்றும் இடத்தில் ஒரு வார்த்தை, ரேஷன் கடை வரிசையில் ஒரு வார்த்தை போதும். அடித்த வயலின் நான்கு மூலையிலும் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மூன்றாவது, வரப்பையும் வரப்பை ஒட்டி ஒரு பாத்தி அகலத்தையும் மருந்தடிக்காமல் விடுங்கள். அங்கே கீரை இருக்கட்டும். 2,4-டி காற்றில் பறந்து பக்கத்துத் தக்காளியில் பட்டால் இலை நூலாகச் சுருண்டுபோகும், உங்களுக்கே தெரியும். அந்த விடுபட்ட ஓரம் அண்டை வயலோடு வரும் சண்டையையும் குறைக்கும். கிளைபோசேட் என்றால் இன்னும் கவனம்: 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணைப்படி அதைப் பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்க வேண்டும். வரப்பில் கைத்தெளிப்பானை வைத்து நாமே அடிப்பதற்கு அனுமதியில்லை.

மருந்து வேண்டாம், ஆளும் இல்லை என்பவர்கள் ராகியை வரிசையில் விதையுங்கள் அல்லது நாற்று விட்டு வரிசையில் நடுங்கள். சக்கரக் களைக்கருவியை இடையில் தள்ளிக்கொண்டு போகலாம். வரிசைக்குள் நிற்பதைக் கையால் எடுக்க அரைநாள் போதும், அதுதான் கீரை.

பறிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கிள்ளுவதா, பிடுங்குவதா? ஒரே செடிக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில். பயிருக்குள் இருக்கும் பண்ணைக்கீரையைத் தாராளமாக வேரோடு பிடுங்குங்கள். ராகிக்கு முதல் ஐந்தாறு வாரம் களை இருக்கக் கூடாது. நீங்கள் பிடுங்குவது நிலத்துக்காரருக்கு உதவி. பூ வைக்கும் முன்பே பிடுங்க வேண்டும். வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் கதிர் வந்துவிட்டால் தண்டு நாராகிவிடும், கறிக்கு ஆகாது, அதன் மினுமினுக்கும் கறுப்பு விதை ஆயிரக்கணக்கில் கொட்டி அடுத்த வருஷம் நிலத்துக்காரர் உங்களைத் திட்டுவார்.

வரப்பிலும், ஏரிக்கரையிலும், புறம்போக்கிலும் முறை வேறு. அங்கே நுனியை மட்டும் கிள்ள வேண்டும். கீழே இரண்டு மூன்று கணுவையாவது விட்டால் பக்கத்தில் கிளைத்துத் திரும்பத் துளிர்க்கும். ஒரே செடியில் ஒரு மழைக்காலத்தில் மூன்று நாலு தரம் எடுக்கலாம். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வீட்டு வறுமையைச் சொல்லும் பாட்டு 159ஆவது. அதில் அவர் மனைவி பறிப்பது குப்பைக்கீரை. அதுவும் முன்பு கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த இளந்தளிர். உப்பில்லாமல் வேகவைக்கிறாள். தமிழாசிரியர்கள் இதில் வறுமையைச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்தக் கொய்த இடம்தான். அவ்வளவு பசியிலும் அவள் செடியைப் பிடுங்கவில்லை.

இப்போது பிடுங்குவது கூடிவிட்டது. காரணம் கட்டு வியாபாரம். பெங்களூருவில் ‘நாட்டுக்கீரை’ என்றால் விலை உண்டு. வேரோடு இருந்தால் வாடாது, கட்டும் பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு ஒரு மடி எடுத்தபோது செடி தாங்கியது, கோணிக்கணக்கில் எடுத்தால் தாங்காது. விற்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். சந்தையில் கீரை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த பெண்களை எனக்குத் தெரியும். விற்பதாக இருந்தால் அறுத்துக் கட்டுங்கள், ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒரு கரையில் இந்த வாரம், இன்னொரு கரையில் அடுத்த வாரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கரையிலும் தெம்பான செடிகள் சிலவற்றைத் தொடாமல் விட்டு விதைக்க விடுங்கள். விதைக்க விடவில்லை என்றால் அந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடித்துக்கொள்ளும். எத்தனை ஏரிக்கரையில் அது நடந்துவிட்டது என்று பஸ்ஸில் போகும்போது பாருங்கள்.

எங்கே பறிக்கக் கூடாது என்பதும் முறைதான். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாட்டில் நின்றுவிட்டது, ஆனால் மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போகாது. கீரைவகைகள் ஈயம், காட்மியம் போன்றவற்றை மண்ணிலிருந்து இலைக்கு இழுக்கும் குணமுள்ளவை. தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால், பழைய பேட்டரி உடைக்கும் இடம், குப்பை கொளுத்தும் மேடு எல்லாம் அதே கணக்கு. அந்தக் காலக் குப்பை சாணமும் சாம்பலும். இந்தக் காலக் குப்பைமேட்டில் முளைக்கும் குப்பைக்கீரையைப் பெயரை நம்பிப் பறிக்க வேண்டாம். ஆரைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்ற நீர்க்கீரைகளை எடுக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கும் படம் பத்திரிகையில் வருகிறதே, அந்த மாதிரித் தண்ணீரில் வளர்ந்தது வேண்டாம்.

அப்புறம் ஊமத்தை. இளம் ஊமத்தை நாற்று மற்றக் கீரையோடு கலந்து மடிக்குள் வந்துவிடும், அவசரமாகப் பறிக்கும்போது தெரியாது. ஊமத்தை இலையைக் கசக்கி முகர்ந்தால் குமட்டும் வாடை வரும். சாப்பிட்டவருக்கு வாய் வறளும், கண்பாவை விரியும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சக் கீரையையும் கையோடு எடுத்துப் போங்கள். சந்தேகமான ஒரு இலை மடியில் இருந்தால் அதை மட்டும் எறிந்துவிடுவது போதாது, மடியில் இருப்பது முழுவதையும் கொட்டிவிடுங்கள். கீரை தெரியாத பிள்ளைகளைத் தனியாகப் பறிக்க அனுப்பாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். கற்றுக்கொள்ள வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

கடிதம் எழுதியவருக்கு: பெரியம்மாவிடம் போய் மருந்து பெயரைச் சொல்லி விளக்குங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். அடுத்த பருவத்துக்கு எந்த வரப்பை விடப்போகிறீர்கள் என்பதை அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள், கீரை எங்கே நன்றாக வரும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறைக்கரட்டில் மாகாளிக் கிழங்கு இருக்கிறது. வியாபாரி ஒருவர் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பையன்கள் தோண்டத் தயாராக இருக்கிறார்கள். எடுக்கலாமா?

முதலில் கரடு யாருடையது? காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். வியாபாரி தப்பித்துக்கொள்வார், பையன்கள் மாட்டுவார்கள். உங்கள் பட்டா நிலம் என்றால் சட்டத் தொல்லை குறைவு, ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது.

கன்னடத்தில் மாகளி பேரு என்று சொல்லும் இந்தக் கிழங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. நம்முடைய கிழக்கு மலைத்தொடர்ப் பாறைக்காடுகள்தான் அதன் வீடு. மோர் ஊறுகாய்க்காகச் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போகிறது. அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பன்னாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். காரணம் ஊறுகாய் தின்பவர்கள் கூடியது மட்டுமில்லை, தோண்டும் முறை. கீரையில் நுனியைக் கிள்ளினால் அடி இருக்கிறது. கிழங்கில் நாம் எடுப்பதே அடி. கொடியை வேரோடு இழுத்துப் போட்டால் அந்தப் பாறை இடுக்கில் அடுத்த கொடி வர எத்தனை வருஷமோ. பெரும்பாலும் வருவதில்லை.

ஆனைமலைக் காடர்கள் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டியதும் கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை வெட்டி அதே குழியில் வைத்து மண் மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது மீண்டும் கொடி ஏறும். காட்டில் வாழ்கிறவர் மறுபடி அதே குழிக்கு வர வேண்டியவர். வியாபாரி மறுபடி வர வேண்டியதில்லை, வேறு மலைக்குப் போய்விடுவார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பட்டா நிலத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடியின் ஒரு பக்கம் மட்டும் தோண்டிப் பக்கக் கிழங்கு சிலவற்றை வெட்டி எடுங்கள். மூட்டையும் மறுபக்கத்தையும் தொடாதீர்கள். மண்ணைப் போட்டு மூடி, அந்தக் கொடியைச் சில வருஷம் மறந்துவிடுங்கள். சிறு கொடிகளில் கைவைக்கக் கூடாது. ஆனால் எனக்குப் பிடித்த யோசனை வேறு. காய் வெடிக்கும் பருவத்தில் போய் விதை எடுங்கள். எருக்கம் விதைபோலப் பஞ்சு ஒட்டியிருக்கும், காற்றில் பறப்பதற்குள் பிடிக்க வேண்டும். புது விதையை உடனே பையில் போட்டு நாற்றாக்கி வேலியோரமும் கல்வரப்பிலும் நடுங்கள். கிழங்கு எடுக்கச் சில வருஷம் பொறுக்க வேண்டும். தண்ணீர் கேட்காது, வெறும் கல்காட்டில் வருகிற பயிர் நமக்கு வேறு எத்தனை இருக்கிறது?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிழங்கு தோண்டும் பிள்ளைகளுக்குக் கண்வலிக்கிழங்கை அடையாளம் காட்டி வையுங்கள். பூவில் அது செங்காந்தள், நம் மாநிலப் பூ. பூ இல்லாத நாளில் வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வேகவைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. வேகவைத்தால் அந்த விஷம் போகாது.

புற்றுக்காளானை விவசாயமாகச் செய்ய முடியுமா? நல்ல காளானை எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்ய முடியாது. அதை வளர்ப்பது கரையான். புற்றுக்குள் கரையானே காளான் தோட்டம் வைத்திருக்கிறது, மழைக்கு நமக்குக் கிடைப்பது அந்தத் தோட்டத்தின் பூ. சிப்பிக்காளான் மாதிரி வைக்கோலில் வராது. ஆகவே காளான் வரும் புற்றை மண்வெட்டி போட்டு இடிக்காதீர்கள், டிராக்டர் ஓட்டும்போது சுற்றிப் போங்கள். பூச்சி மருந்தும் ஊற்றாதீர்கள். பறிக்கும்போது புற்றைக் கிளறாமல் காம்பை மெல்லத் திருகி எடுங்கள், நன்றாக விரிந்தவை சிலவற்றை விடுங்கள்.

அடையாளத்துக்கு வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூண்டு போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் நம்பக் கூடாத சோதனைகள். மழைக்குப் புல்வெளியிலும் மாட்டுத்தொழுவப் பக்கத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக ஒன்று வரும். முதிர்ந்தபின் குடைக்கு அடியிலுள்ள மடல்கள் பச்சை நிறமாகும். அது கடுமையான வாந்தியும் பேதியும் கொடுக்கும். மொக்காக இருக்கும்போது அந்தப் பச்சை தெரியாது என்பதால்தான் ஏமாறுகிறார்கள். புற்றிலிருந்து வந்ததா, நீண்ட வேர்போல் காம்பு மண்ணுக்குள் போகிறதா, வருஷாவருஷம் அதே இடத்தில் எடுத்துத் தின்றவர் சொல்கிறாரா என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் எடுங்கள்.

மலையில் சீத்தாப்பழம் பறித்துச் சாலையோரம் விற்கிறோம். வனக்காவலர் தடுக்கிறார். எங்கள் தாத்தா காலத்திலிருந்து பறிக்கிறோம். எங்களுக்கு உரிமை இல்லையா?

2006 வன உரிமைச் சட்டத்தில் காலங்காலமாகச் சேகரித்து வந்த சிறு வன மகசூலை எடுக்கவும் விற்கவும் உரிமை சொல்லியிருக்கிறது. யாருக்கு? காட்டில் வசிக்கும் அல்லது வாழ்க்கைக்குக் காட்டை நம்பியிருக்கும் பழங்குடியினருக்கும், 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருஷமாக, அப்படி இருந்து வந்த மற்றவர்களுக்கும். வாய்ச்சொல் போதாது. கிராம சபையில் மனு வைத்து, அது கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் உள்ள குழுக்களுக்குப் போய் முடிவாக வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும். கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் காட்டுப்பொருள் எடுக்கத் தடை வந்தபிறகு இந்தச் சட்டத்தை வைத்து 2011இல் சமூக உரிமை பெற்றார்கள். நீங்களும் அடுத்த கிராம சபையில் தொடங்குங்கள். உரிமை கையில் வரும்வரை காவலரோடு சண்டை வேண்டாம், வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கூடவே உங்கள் ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கிறதா என்று விசாரித்து, பழமும் கீரையும் கிழங்கும் எந்த இடத்தில், எந்த மாதத்தில் கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள்.

பறிக்கும்போது கிளையை ஒடிக்காதீர்கள். கண் திறக்காத பிஞ்சு பழுக்காது, கறுத்து வீணாகும், அதைப் பறித்து ஒரு லாபமும் இல்லை. மகராஜகடைப் பக்கமும் நம் பக்கத்துக் காடுகளிலும் யானை நடமாட்டம் இருப்பதால் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே போக வேண்டாம். போகிற வழியில் கண்ணி வைத்து முயல், கௌதாரி பிடிப்பது எந்தச் சட்டத்திலும் உங்கள் உரிமையில் வராது.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரை சாப்பிடலாமா?

அதில் ஆக்சலேட் அதிகம். கல் வந்தவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது, மருத்துவரைக் கேளுங்கள். மற்றவர்கள் வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துவிட்டுக் கடைந்தால் பெருமளவு குறையும். தயிரோடு சேர்த்துச் சாப்பிடுவதும் நல்லதே.

அடுத்த இதழில் ராகிக் குலைநோய் பற்றிய கேள்விகள். கீரைப் பெயர்களை உங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று இலை ஒன்றைத் தாளில் ஒட்டி, பறித்த இடத்தையும் எழுதி அனுப்புங்கள்.